பாடமா, பொட்டலமா, விளம்பரமா: நொறுக்குத்தீனியின் தீமை பிள்ளைகள் மனதில் எப்படிப் பதியும்?

சத்தில்லாத நொறுக்குத்தீனி உடம்புக்கு ஆகாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். கேட்டால் உடல் பருமன், பல் சொத்தை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு என்று மளமளவென ஒப்பிப்பார்கள். இடைவேளை மணி அடித்ததும் கை அதே பொட்டலத்தைத்தான் பிரிக்கும். எப்படிச் சொன்னால் சொன்னது அந்தக் கைவரை போய்ச் சேரும்?

பள்ளிகள் பெரும்பாலும் நாடுவது நோய்களைப் பட்டியலிடும் வகுப்பை. நடத்துவது எளிது, பலன் குறைவு. என்றோ வரப்போகும் மாரடைப்பு பன்னிரண்டு வயதில் யாருக்கும் உறைப்பதில்லை. போதாததற்கு, பருமனான ஒரு பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும் கொடுமையும் நடந்துவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை.

பொட்டலத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது இதைவிடப் பல மடங்கு மேல். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று அளந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொட்டச் சொல்லுங்கள். ஒன்பதாவது கரண்டி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். ஒரே பானத்தில் அநேகமாக முடிந்துபோகிறது! சிப்ஸ் பொட்டலத்தில் இன்னொரு சூட்சுமம்: பொட்டலம் 90 கிராம் இருக்கும், உப்பும் கொழுப்பும் 30 கிராமுக்குப் போட்டிருக்கும். மூன்றால் பெருக்கத் தெரிந்த பிள்ளை ஏமாறாது.

விளம்பரத்தின் தந்திரத்தை உடைத்துக் காட்டுவது மூன்றாவது வழி. பதின்வயதினருக்கு இதுவே பொருத்தம் என்பேன். தம்மை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்றால் அந்த வயதில் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அமெரிக்காவின் டெக்சாஸில் எட்டாம் வகுப்பினரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. நிறுவனங்களின் சூழ்ச்சியைப் படித்தவர்கள், வழக்கமான ஆரோக்கியப் பாடம் படித்தவர்களைவிட, மறுநாள் சர்க்கரை குறைந்த தின்பண்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் வெளிவந்த தொடர் ஆய்வில் பையன்களிடம் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நீடித்தது. பெண் பிள்ளைகளிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

சிறு குழந்தைகளுக்கு இந்த மூன்றுமே போதாது. விளம்பரம் எது, உண்மை எது என்று பிரித்தறியும் வயதல்ல அது. அவர்களைப் பொறுத்தவரை பள்ளிக் கடையில் என்ன விற்கிறது என்பதுதான் பாடம். சிலி நாடு 2016இல் இதைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது: சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை, முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்கத் தடை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அந்தக் கறுப்பு முத்திரை புரியும்.