கண்டியில் ஒரு பழநாணயச் சேவை: பாட்டனாரின் பொற்காசும் என் அனுபவமும்

என் பாட்டனார் தமிழகத்திலிருந்து அட்டனுக்கு வந்தபோது தாயத்தாகக் கழுத்தில் அணிந்திருந்த துளையிட்ட பொற்காசை, கண்டியில் பழநாணயங்களை அடையாளங்கண்டு பட்டியலிட்டுத் தரும் சிறு கடையொன்றில் ஒப்படைத்தேன்.

கடைக்காரர் காசைத் துடைக்கவே விடவில்லை. அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ரோம இறாத்தல் பொன்னுக்கு 72 என்ற கணக்கில் கொன்ஸ்தந்தைன் பேரரசர் அறிமுகப்படுத்திய சொலிடஸ் என்னும் ரோமப் பொற்காசு ஏறத்தாழ 4.5 கிராம் இருக்க வேண்டும் என்றும், எங்கள் காசு 4.31 கிராமாகக் குறைந்ததற்குத் துளையும் தேய்மானமுமே காரணம் என்றும் விளக்கினார். ஈட்டியும் கேடயமும் தாங்கிய மன்னரின் முகம், நீண்ட சிலுவை ஏந்திய வெற்றித் தேவதை, அடியில் தூய பொன்னைக் குறிக்கும் 'கொனொப்' எழுத்துகள் ஆகியவற்றைப் பெருக்காடியில் ஒவ்வொன்றாகக் காட்டி, இது 408 முதல் 450 வரை ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸின் காசு என்று நிறுவினார். காசில் பொறித்த வாசகத்தின் இறுதியிலுள்ள கிரேக்க எழுத்து, அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் சாலையின்) எந்தப் பிரிவில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லுமாம்.

பட்டியல் அட்டையில் விளிம்பின் ஒளிப்படம் இல்லாதது பெருங்குறை. வார்ப்புப் போலியின் தடயம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கேட்ட பின்பே சேர்த்தார்கள். கட்டணம் நியாயமானது.