துண்டுக்கடியில் ஒரு விலை: ஈபேயில் 14 வருடம்

நான் தரங்கம்பாடிக் காசு சேர்ப்பவன். 1620-இல் வந்த டேனிஷ்காரர்கள் 1845-இல் கோட்டையோடு ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு நடுவில் அவர்கள் அடித்த ஈயக் காசும் செப்புக் காசும் இன்றும் அந்தக் கடற்கரை மணலில் தட்டுப்படும். ஆனால் உப்பு அரிக்காத நல்ல காசு வேண்டுமென்றால் டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில்தான் தேட வேண்டும். அதனால்தான் ஈபே என்ற இணைய ஏலச் சந்தை.

தேடல் வசதி, படங்கள், பார்சல் எங்கே வருகிறது என்று பார்ப்பது, எதிலும் பெரிய குறை இல்லை. தபால் செலவு சில சமயம் காசின் விலையைத் தாண்டும். பழகிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழகாதது ஒன்று உண்டு: ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பவருக்குத் தனியாக மெசேஜ் போட்டு விலை பேசுவது.

சில வருடம் முன்பு 11 செப்புக் காசுகள் ஒரே லாட்டாக வந்தன. கிரீடத்துக்குக் கீழே 'சி', அதற்குள் 7. டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியன் காலத்தவை, ஒவ்வொன்றும் 'நாலு காசு' மதிப்பு. நான் அதிகபட்சம் 95 டாலர் என்று போட்டு வைத்தேன். அடுத்தவரை முந்த எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்தான் ஈபே ஏற்றிக் காட்டும். அப்போது காட்டியது 31. இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை காபியோடு திறந்தால், விற்பவர் ஏலத்தை முடித்துக்கொண்டார், பொருள் இனி இல்லை என்று வந்தது.

அப்புறம் இரண்டு மாதம் கழித்து சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. ஒரு பெரியவரின் ஆல்பத்தில் அதே காசு. ஒன்றின் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு இருந்ததால் சந்தேகமே இல்லை. கேட்டேன். "நான்தான் தம்பி மெசேஜ் போட்டேன். 80 டாலர் வெளியில தர்றேன், முடிச்சிடுன்னேன். முடிச்சிட்டான்" என்று சிரித்தார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஏலம் கேட்பவர்களின் பெயரை ஈபே நட்சத்திரம் போட்டு மறைத்துவிடும். அவரைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை.

விற்றவருக்குத்தான் என்ன லாபம்? சுமார் 13 சதவீதக் கமிஷன் மிச்சம். ஆனால் பெரியவர் ஏலத்தில் நின்று கேட்டிருந்தால் என் 95-ஐத் தாண்டித்தான் எடுத்திருக்க முடியும். கமிஷன் போனாலும் விற்றவர் கைக்கு 80-க்கு மேல் வந்திருக்கும். பெரியவரும் பணத்தை நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்பியிருக்கிறார். பார்சல் வராமல் போயிருந்தால் கேட்க நாதி இல்லை. ஈபேயின் பாதுகாப்பு ஈபேக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும்தான். வெளியே பேசி முடிப்பதை அவர்கள் விதியே தடுக்கிறது.

தனியாக விலை பேசுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை, ஏனென்றால் அது பேரம் என்று எல்லோருக்கும் தெரியும். மீன் ஏலம் வேறு. அங்கே கூவ வேண்டும், கேட்டவன் காதில் விழ வேண்டும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிக்கொண்டே இன்னொரு கையைத் துண்டுக்குள் விட்டால் மறுநாள் அந்த ஏலக்காரனிடம் எவன் வருவான்? ஈபேயிலேயே துண்டு உண்டு. நிலையான விலைக்கு வைத்த பொருளுக்கு நம் விலையைச் சொல்லி 'பெஸ்ட் ஆஃபர்' அனுப்பலாம். ஜெயித்தவர் பணம் கட்டாவிட்டால், தோற்றவருக்கு அவர் கேட்ட விலையிலேயே அதே பொருளை எடுத்துக்கொள்ள விற்பவரிடமிருந்து 'செகண்ட் சான்ஸ்' வரலாம். எனக்கு அப்படி ஒரே விற்பவரிடமிருந்து மூன்று முறை வந்ததும், விலையை ஏற்றிவிடத் தன் ஆளையே வைத்துக் கேட்கிறாரோ என்று தோன்றி அவரிடம் வாங்குவதை விட்டுவிட்டேன்.

சரி, பெரியவரைத் திட்டிவிட்டேன், என் கதை என்ன?

"பழைய ஈய முத்திரைகள், இந்தியா?" என்று ஒருவர் ஏலத்தில் வைத்திருந்தார். தொடக்க விலை 10 டாலர், ஒருவரும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் தெரிந்தது, நான்காம் கிறிஸ்டியன் காலத்து ஈயக் காசு. யாரும் ஏலம் கேட்காதவரை, ஏலம் முடியக் காத்திராமல் உடனே வாங்கிக்கொள்ளும் நேரடி விலை ஒன்றையும் விற்பவர் சேர்க்க விதி இடம் தருகிறது. "40 போடுங்கள், உடனே எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். அவர் பல முறை நன்றி சொல்லிப் போட்டார். பணம் ஈபே வழியாகவே போனது. விதிப்படி ஒரு குற்றமும் கிடையாது. அது முத்திரை இல்லை, காசு என்று மட்டும் நான் சொல்லவில்லை. ஆல்பத்தில் எல்லாக் காசுக்கும் கீழே வாங்கிய விலையை எழுதுவது என் வழக்கம். அதற்குக் கீழே மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

அதிலிருந்து, தனியாக விலை கேட்பதானால் முதலில் பொருள் இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். போன வருடம் ஒரு பெண்மணி இதே மாதிரி தாத்தாவின் பெட்டியிலிருந்து இரண்டு ஈயக் காசு வைத்திருந்தார். விவரம் எழுதி, 150 தருகிறேன் என்றேன். ரொம்ப நன்றி என்று பதில் வந்தது. மறுநாள் அவர் தலைப்பைத் திருத்தி, தொடக்க விலையை 150 ஆக்கியிருந்தார். கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு 190 வரைதான் கட்டுப்படியானது. 212.50-க்கு வேறு யாரோ எடுத்தார், பெயர் நட்சத்திரம்.