கேடட்கள் கட்டிய ஃபால்கன்சாட் செயற்கைக்கோள்கள்: ஒரு ஹாம் பயனரின் மதிப்புரை

2017-ஆம் ஆண்டிலிருந்து 2023 ஜனவரி வரை, பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்வோருக்கான ஹாம் வானொலி உரிமம் வைத்திருந்த எவரும் கட்டணமின்றிச் செய்திகளையும் கோப்புகளையும் போட்டு எடுக்கக்கூடிய ஒரு மின்னணு அஞ்சல் பெட்டி பூமியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஃபால்கன்சாட்-3 என்னும் அந்தச் செயற்கைக்கோள், கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அமெரிக்க வான்படைக் கழகத்தின் கேடட்கள் எனப்படும் இளநிலை மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுடனும் பொறியாளர்களுடனும் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டமாக உருவாக்கியது. அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையிலும், பொறியியல் மாணவர்களின் திட்டங்களைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டு வருபவன் என்ற முறையிலும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இங்கே மதிப்பிடப்படுவது ஒரு செயற்கைக்கோள் மட்டுமன்று. அதைப் பெற்றெடுத்த கல்வித் திட்டமும்தான்.

முதலில் பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 145.840 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி, 435.103 மெகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். வேகம் நொடிக்கு 9600 பிட். செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 35 பாகை மட்டுமே சாய்ந்திருந்ததால் ஐரோப்பாவின் வடபகுதியில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் மேலே நாள்தோறும் பல முறை கடந்து சென்றது. மொட்டை மாடியில் ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவைக் கையில் வைத்துக்கொண்டு, செயற்கைக்கோளின் வேகத்தால் (டாப்ளர் விளைவால்) நழுவும் அலைவரிசையைப் பின்தொடர்ந்தபடி, அதிகம் போனால் பத்து நிமிடம் அதன் பேச்சைக் கேட்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கோப்பு முழுவதும் வந்து சேராவிட்டாலும் கவலை இல்லை என்பதே இச்சேவையில் நான் மிகவும் மதித்த அம்சம். 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த பாக்சாட் என்னும் தகவல் பரிமாற்ற நெறிமுறையில் அது இயங்கியது. செயற்கைக்கோள் ஒருவருக்காக அனுப்பும் கோப்புத் துண்டுகளைக் கேட்கும் எல்லாரும் சேமித்துக்கொள்ளலாம். பின்னர் அவரவர் கணினி தனக்குக் கிடைக்காத துண்டுகளை மட்டும் அடுத்த முறை கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு வாட் அளவே உள்ள ஒலிபரப்பியையும் குறுகிய நேரத்தையும் வைத்துக்கொண்டு இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் இது செயற்கைக்கோளின் இரண்டாவது வாழ்க்கை. 2007 மார்ச்சில் அட்லஸ்-5 ராக்கெட்டில் கேப் கனவெரலிலிருந்து புறப்பட்டபோது அதன் வேலை வேறாக இருந்தது. வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கான அயனி மண்டலத்தில் உள்ள பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற வாயுவை) அளப்பது, சிறிய உந்துகருவிகளால் செயற்கைக்கோளின் திசையைத் திருப்பிப் பார்ப்பது ஆகியவை அப்போது அதற்கு இடப்பட்ட பணிகள். பத்தாண்டுகள் கழித்து அது அமெரிக்க ஹாம் செயற்கைக்கோள் அமைப்பான ஆம்சாட்டின் கைக்கு வந்தபோது மின்கலங்கள் தளர்ந்திருந்தன. எல்லா நேரமும் இயக்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுக்கும் மேலாக விண்ணில் இருந்த, ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் படைப்புக்கு இதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிகளில் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்று வழங்கும் அமைப்புப் பொறியியலைப் பாடமாக மட்டும் படித்தவர்கள், அது தேவைகளைப் பட்டியலிட்டு, மாற்று வழிகளுக்கு மதிப்பெண் கொடுத்து, அழகான வரைபடம் போடும் கலை என்று எண்ணிக்கொள்வதுண்டு. ஃபால்கன்சாட் அந்த எண்ணத்தைத் தகர்க்கும் திட்டம். அதன் முன்னோடியாக 1997 அக்டோபரில் ஃபால்கன் கோல்ட் என்ற சோதனைக் கருவி பறந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைக்கும் மேலே அவற்றின் குறிகைகளை (சிக்னல்களை) பெற முடியுமா என்று அது பார்த்தது. 2000 ஜனவரியில் ஃபால்கன்சாட்-1 ஏவப்பட்டது. மின்வழங்கல் கோளாறால் அதன் பணி விரைவிலேயே முடிந்துபோனது. வகுப்பறையில் ஒரு மாணவர் மின்சாரக் கணக்கைத் தவறாகப் போட்டால் மதிப்பெண் குறையும். விண்ணில் மின்சாரம் நின்றால் மற்ற எல்லாப் பகுதிகளும் சரியாக இருந்தும் பயனில்லை. ஒரு கோளின் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடநூல் இல்லை.

அடுத்தது ஃபால்கன்சாட்-2. இதன் கதையை நான் என் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்வதுண்டு. சுமார் 20 கிலோ எடையுள்ள இச்செயற்கைக்கோள் முதலில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் செல்வதாக இருந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்த பிறகு அந்த வாய்ப்பு மறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2006 மார்ச் 24 அன்று, பசிபிக் கடலில் குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓமெலக் தீவிலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபால்கன்-1 ராக்கெட்டில் அது புறப்பட்டது. எரிபொருள் குழாயில் ஓர் அலுமினியத் திருகுமறை அரித்துப்போய் எரிபொருள் கசிந்து தீப்பற்றியதால், அரை நிமிடம் கடந்ததும் எஞ்சின் நின்று, ராக்கெட் கடலோரத்தில் விழுந்தது. பிய்த்துக்கொண்டு வந்த செயற்கைக்கோள் அதே தீவில் இருந்த பணிமனைக் கொட்டகையின் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்து, பெரும்பாலும் சிதையாமல் கிடந்தது.

இதை விந்தைச் செய்தியாகச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்பவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு மிகத் தீவிரமான கேள்வியை எழுப்புகிறது. கேடட் ஒருவர் கழகத்தில் இருப்பது நான்கு ஆண்டுகள்; திட்டத்தில் முழுமையாக ஈடுபடுவது பெரும்பாலும் கடைசி ஆண்டில். ஏவுதளமோ ராக்கெட்டோ அவருடைய பட்டமளிப்பு நாளைப் பார்த்துக் காத்திருக்காது. வடிவமைத்தவர் ஒருவர், சோதித்தவர் இன்னொருவர், இயக்குபவர் மூன்றாமவர் என்று கைமாறிக்கொண்டே போகும் ஒரு பொருளில், முதலாமவர் எடுத்த முடிவின் காரணம் மூன்றாமவருக்குத் தெரிய வேண்டும். எனவே குறிப்பேடும், இணைப்பு வரைபடமும், சோதனைப் பதிவும் இங்கே மதிப்பெண்ணுக்காக எழுதப்படுபவை அல்ல. பொறியியல் மாதிரி, தகுதிச் சோதனை மாதிரி, பறக்கும் மாதிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய முறையும் புதிதாக வரும் அணிக்குக் கைப்பழக்கம் தருகிறது. விலைமதிப்பில்லாத பறக்கும் மாதிரியில் கை வைப்பதற்கு முன் அதன் உடன்பிறப்பில் பிழை செய்து பார்க்கலாம். என் மதிப்பீட்டில் இத்திட்டத்தின் உண்மையான விளைபொருள் இந்தக் கைமாற்றும் பழக்கம்தான்.

அறிவியல் நோக்கத்தையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஃபால்கன்சாட்-2 அளக்க இருந்தவை அயனி மண்டலத்தில் சூரியன் மறைந்த பின் எழும் பிளாஸ்மா குமிழிகள். செயற்கைக்கோள் தொடர்பையும் ஜிபிஎஸ் குறிகைகளையும் அவை குலைப்பவை. இக்குமிழிகள் புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி உருவாகின்றன. அக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகே செல்வதால்தான் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இத்தகைய நிகழ்வுகளை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. கொலராடோ மலையடிவாரத்தில் இருபது வயது மாணவர்கள் கட்டிய கருவி, நம் தலைக்கு மேலே நடப்பதைத் தெரிந்துகொள்வதற்காகவும் கட்டப்பட்டது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் உண்மை.

அமெரிக்கப் படைகளின் மற்ற இரு கழகங்களோடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக் கழகத்தில் அமைப்புப் பொறியியலுக்குத் தனித் துறையே உண்டு. அங்கே மாணவர் அணி ஒரு படைப்பிரிவையோ அரசு அலுவலகத்தையோ வாடிக்கையாளராகக் கொண்டு, சிக்கலை வரையறுத்தல், தீர்வுகளை வடிவமைத்தல், முடிவெடுத்தல், நிறைவேற்றல் என்னும் நான்கு கட்டங்களில் வேலை செய்து, ஆண்டு இறுதியில் ஜெனரல் டொனால்ட் கீத் நினைவு மாநாட்டில் கட்டுரை படிக்கிறது. அக்கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். அனபோலிஸ் கடற்படைக் கழகத்தில் 1963 முதல் டிரைடன்ட் அறிஞர் திட்டத்தின் கீழ் தேர்ந்தெடுத்த சிலர் ஓராண்டு முழுவதும் தனி ஆய்வு செய்கிறார்கள். அதே கழகத்து மாணவர்கள் 2001-இல் ஏவிய பிசிசாட் என்னும் செயற்கைக்கோளில் கடையில் வாங்கிய அளவு நாடாவை ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். வெஸ்ட் பாயின்டின் முறை சிந்தனைக்கு ஒழுங்கைத் தருகிறது. ஆனால் பரிந்துரை அறிக்கையைக் கொடுத்ததும் பெரும்பாலும் மாணவரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பரிந்துரை தவறானதா என்பதை அவர் அறியாமலே போகலாம். ஃபால்கன்சாட்டில் தவறு தானாகவே திரும்பி வந்து கதவைத் தட்டும். ஆகவே கற்பித்தலின் ஆழத்தில் ஃபால்கன்சாட்டுக்கே என் முதலிடம்.

குறைகளும் உண்டு. வெஸ்ட் பாயின்ட் மாணவர் எப்படி யோசித்தார் என்பதை அவருடைய கட்டுரையிலேயே படித்துவிடலாம். ஃபால்கன்சாட் மாணவர்களின் வடிவமைப்பு முடிவுகளை வெளியிலிருந்து அறிவது அதைவிடக் கடினம். ஏவிய செய்தி எளிதில் கிடைக்கிறது, ஏன் இந்த மின்கலம், ஏன் இந்தக் கணினி என்னும் விளக்கம் கிடைப்பதில்லை. இரண்டாவது குறை அளவைப் பற்றியது. 2020 மே மாதம் எக்ஸ்-37பி என்னும் ஆளில்லா விண்ணூர்தியில் சென்ற ஃபால்கன்சாட்-8 ஏறத்தாழ 136 கிலோ எடையுள்ளது. ஐந்து சோதனைகளைச் சுமந்தது. கோள் இவ்வளவு பெரிதாகும்போது சோதனைக் கருவிகளைத் தரும் ஆய்வகங்களின் எதிர்பார்ப்பும் தொழில்முறைப் பொறியாளர்களின் பங்கும் வளரும். ஓர் இளநிலை மாணவர் முழுக் கோளையும் மனத்தில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு சுருங்கும். 20 கிலோ கோளில் ஒருவர் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியும். அந்த அளவு கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபால்கன்சாட்-3 2023 ஜனவரியில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துவிட்டதால் இச்சேவையை இனி யாரும் பயன்படுத்த முடியாது. ஆனால் பாக்சாட் நெறிமுறையின் விவரங்களும், அதற்காக ஒரு தன்னார்வலர் எழுதி இலவசமாகத் தந்த தரைநிலைய மென்பொருளும் இன்றும் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் திட்டம் ஒன்றைத் தொடங்கவிருக்கும் மாணவர் அணிக்கு நான் சொல்வது இது: முதலில் ஓமெலக் தீவுக் கொட்டகையில் விழுந்த கோளின் கதையைப் படியுங்கள், பிறகு அந்த நெறிமுறையைப் படியுங்கள், வன்பொருள் வாங்குவதற்கு முன், உங்களுக்கு அடுத்து வரும் அணிக்கு எதை, எந்த வடிவில் எழுதி வைத்துச் செல்லப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.