குதிரைத்திறன் சுலபம், பின்பக்கம்தான் பாடாய்ப் படுத்துகிறது: டிராக் ரேஸுக்காக மாற்றிய மசில் காரோடு என் அனுபவம்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றின் விலை இறங்கியிருக்கிறதாம். தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணா, போட்டுடலாமா? நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்களே, எப்படி இருக்கு?" என்றார். அவர் கேட்ட நேரம் அப்படி. அதே வாரம்தான் வலதுபக்க ஹாஃப் ஷாஃப்ட் (பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றிக்கொண்டு என் வண்டி ஒர்க் ஷாப்பிலிருந்து திரும்பியிருந்தது. இந்தப் பதிவில் காரம் தூக்கலாக இருந்தால் அந்த பில்தான் காரணம்.

வண்டியின் பெயர் வேண்டாம். அமெரிக்க வி8, பின்சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர், மேலே சூப்பர்சார்ஜர், டேங்கில் ஈ85, அதாவது எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல். என்னைக் குடைகிற விஷயம் இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன் (பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) வைத்து டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயத் தளத்துக்குப் போகிற எந்த வண்டிக்கும் பொருந்தும். அதனால் ஒரு கம்பெனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பவர் விஷயத்தில் குறை சொல்ல எதுவுமே இல்லை. எட்டாயிரம் ஒன்பதாயிரம் டாலருக்குள் கிடைக்கிற கிட், பெரிய இன்ஜெக்டர், கூடுதல் ஃப்யூயல் பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டரில் சரியாகச் செய்த ஒரு டியூன். இவ்வளவு இருந்தால் ஒரு தலைமுறைக்கு முன் ரேஸ் காரில் மட்டுமே பார்த்த சக்தி கையில் வந்துவிடுகிறது. ஈ85 எனக்கு மிகவும் பிடித்துப்போன எரிபொருள். பெட்ரோலுக்குக் காற்றும் எரிபொருளும் 14.7-க்கு 1 என்றால் இதற்கு ஏறத்தாழ 9.8-க்கு 1, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூடுதலாக ஊற்ற வேண்டும். மைலேஜ் படுத்துவிடும். ஆனால் எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது, நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) சுலபத்தில் வராது, டியூனர் தைரியமாகத் தீப்பொறியின் டைமிங்கை முன்னே தள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பம்பில் ஈ85 என்று எழுதியிருந்தாலும் பருவத்துக்கு ஏற்ப எத்தனால் 51-லிருந்து 83 சதவீதம் வரை இருக்கலாம். எத்தனால் அளவை அறிந்து சொல்லும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். என் எஞ்சின் இன்றுவரை ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. குளிர்ந்த மாலையில் அது இழுக்கிற இழுவைக்கு இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சரி, புகழ்ந்தாயிற்று.

டிராக் ஸ்ட்ரிப்பில் ஓடி முடித்ததும் கையில் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். 60 அடி, 330, 660, 1000, 1320 அடி என்று எந்த இடத்தை எத்தனை நொடியில் தாண்டினோம் என்பது அதில் இருக்கும். புதிதாக வருபவர்கள் கடைசி வரியைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் முதல் வரியைப் பார்ப்பார்கள். கடைசியில் பதிவாகும் வேகம் எஞ்சின் என்ன செய்தது என்று சொல்லும், முதல் 60 அடி பின்பக்கம் என்ன செய்தது என்று சொல்லும். என் சீட்டில் நெடுங்காலம் இருந்தவை இவை: கடைசியில் 127 மைல் வேகம், மொத்தம் 11.6 நொடி, 60 அடிக்கு 2.0. இந்த வேகத்தை எட்டும் வண்டி பத்தே முக்கால் நொடிக்குள் முடிக்க வேண்டும். மீதி நொடி எங்கே போனது? புறப்பட்ட இடத்திலேயே போனது. 60 அடியில் 0.1 நொடி மிச்சப்பட்டால் கால் மைலில் அதைப்போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு மிச்சப்படும் என்பது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நாம் ஆயிரக்கணக்கில் கொட்டிச் சேர்த்த குதிரைத்திறனில் பாதி, 'மரம்' என்று நாங்கள் சொல்லும் விளக்குக் கம்பத்தில் பச்சை விழுந்த முதல் இரண்டு நொடியில் தரையில் குதித்தே வீணாகிறது.

குதிப்பு என்றால் வீல் ஹாப். அனுபவிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பசை தெளித்த பாதையில் டயர் பிடிக்கிறது. பிடித்ததும் அதன் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது, சப்ஃப்ரேமையும் (பின்பக்க அமைப்பைச் சுமக்கும் சட்டம்) டிஃபரன்ஷியலையும் (இரு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) தாங்குகிற ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன, கன்ட்ரோல் ஆர்ம் நகர்ந்து சக்கரத்தின் கோணமே கொஞ்சம் மாறுகிறது. தாங்க முடியாத கட்டத்தில் டயர் வழுக்கிவிடுகிறது. சேர்ந்திருந்த முறுக்கு மொத்தமும் விடுபட்டு, டயர் மறுபடி பிடிக்கிறது. ஒரே நொடிக்குள் இது திரும்பத் திரும்ப நடக்கும். சீட்டுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம் கேட்கும். ஹாஃப் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் அந்த மறுபிடிப்பில்தான். எஞ்சின் தருகிற டார்க்கை அது தாங்கிக்கொள்ளும், வழுக்கிச் சுழலும் சக்கரம் சட்டென்று நிற்கும்போது வரும் அதிர்ச்சியைத்தான் தாங்காது. குதிக்க ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஆனால் பக்கத்து லேனில் ஒருவன் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது கால் அவ்வளவு சுலபத்தில் எழாது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. சப்ஃப்ரேம் புஷ்ஷை அசையவிடாத லாக்அவுட், டிஃபரன்ஷியலுக்கு ரப்பருக்குப் பதில் அலுமினியம் புஷ், லிங்க்குகளில் ஸ்ஃபெரிக்கல் பேரிங், தடித்த ஹாஃப் ஷாஃப்ட். 19, 20 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17-க்கு இறங்கினால் டயரின் பக்கச்சுவர் உயரம் கூடி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 15-க்கு இறங்கினால் இன்னும் நல்லது, ஆனால் பின் பிரேக்கையே சிறியதாக மாற்ற வேண்டிவரும். நான் 17-லேயே நின்றுவிட்டேன். டிராக் ரேடியலில் (பந்தயத் தளத்துக்கான, நன்றாக ஒட்டும் டயர்) 18 பிஎஸ்ஐ காற்று, தண்ணீர்ப் பெட்டியில் நனைத்து, டயரைச் சுழற்றிச் சூடேற்ற நல்ல ஒரு பர்ன்அவுட், பிறகு லான்ச். குதிப்பு அறவே நின்றது. 60 அடி 1.6-க்கு வந்தது, மொத்தம் 10.7. எஞ்சினில் ஒரு நட்டுக்கூடத் திருகவில்லை. இந்த ஆட்டத்தில் நான் செலவழித்ததிலேயே பலன் தெரிந்த செலவு இதுதான் என்று அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் ஹைவேயில் ஏறினேன்.

மணிக்கு 60 மைல் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம். 65-ல் உச்சம். காலை அழுத்தினால் மறையும், முழுக்க எடுத்தால் மறையும். லேசாக, ஒரே சீராக ஓட்டும்போது மட்டும் இருக்கும், அதாவது ஹைவேயில் ஓட்டுகிற அத்தனை நேரமும் இருக்கும். பின்சீட்டில் யாரோ சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து இறங்கிப்போன மாதிரி. என் மனைவி ஏறுகிற ஒவ்வொரு முறையும் கேட்கிறாள், "ஏங்க, பின்னாடி ஏதாவது கழண்டிருக்கா?" எதுவும் கழலவில்லை. டிஃபரன்ஷியலுக்குள் ரிங் கியரும் பினியனும் உரசி எப்போதும் எழுப்புகிற சத்தம்தான். இத்தனை நாள் ரப்பர் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியம் வைத்ததும் அந்தச் சத்தம் சப்ஃப்ரேம் வழியாக நேரே பாடிக்குள் ஏறி நம் காதுக்கு வந்துவிடுகிறது.

என் கோபம் சத்தத்தின் மேல் இல்லை, இதை யாரும் சரியாகச் சொல்லாததன் மேல்தான். விற்பனைக் குறிப்பில் "லேசாகச் சத்தம் கூடலாம்" என்று ஒரு வரி. லேசாகவாம்! பொருத்திக்கொடுத்த கடையில், "இது நார்மல்தான், பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்தேன், டிரங்கில் ஒலித்தடுப்பு விரிப்பு ஒட்டினேன், பிறகு டிஃபரன்ஷியலின் முன் புஷ்ஷை மட்டும் பாலியூரிதேனுக்கு மாற்றினேன். அந்தக் கடைசி வேலைதான் உதவியது: ரீங்காரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 60 அடி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு இல்லை. ஆனால் அது ஊரறிந்த தீர்வு என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே? பாலியூரிதேனும் சும்மா இருப்பதில்லை. குளிர்காலக் காலையில் விறைத்துப்போய், பார்க்கிங்கில் திருப்பும்போது கிறீச்சிடும்.

இதில் கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சேலஞ்சர் 2008-லும், கமாரோ 2010 மாடலிலும், மஸ்டாங் 2015 மாடலிலும் இந்தத் தனித்தனிச் சக்கர அமைப்போடு வந்தது வளைவில் திரும்பவும், மேடு பள்ளத்தில் முதுகு வலிக்காமல் ஓட்டவும்தான். அதில் அவை அருமையான வண்டிகள். ஆனால் கோப்போ கமாரோவையும் கோப்ரா ஜெட் மஸ்டாங்கையும் பாருங்கள். கம்பெனியே டிராக் ரேஸுக்கென்று கட்டி விற்ற, சாலையில் ஓட்ட முடியாத வண்டிகள். இரண்டிலும் பின்னால், இரு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் பழைய பாணி சாலிட் ஆக்ஸில்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாலைக்கென்று விற்ற வண்டியில் இதைச் சாதித்துக் காட்டியது 2018-ன் டாட்ஜ் டீமன். இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியது, கின்னஸ் கணக்கில் 2.92 அடி தூரத்துக்கு. கால் மைல் 9.65 நொடி. எப்படி? தொழிற்சாலையிலேயே 315 அகல டிராக் ரேடியல், 18 அங்குல வீல், பலப்படுத்திய ஹாஃப் ஷாஃப்ட், எடை பின்னால் சாய்கிற மாதிரி மாற்றிய டேம்பர், புறப்படும்வரை கியரைப் பூட்டி வைக்கும் டிரான்ஸ்பிரேக். 840 குதிரைத்திறன் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் பிடித்தது பின்பக்கத்துக்குச் செய்த வேலை. இரண்டாம் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வியில் இடது வலது ஹாஃப் ஷாஃப்ட்டுகளை வேறு வேறு தடிமனில் வைத்தார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் அதிராமல் இருந்தால் குதிப்பு வளராது என்ற யோசனை. இப்படிப்பட்ட புத்திசாலித்தனம் கிட் விற்கும் கடையில் கிடைக்காது, அங்கே கிடைப்பது அலுமினியத் துண்டு.

விதிகள் பற்றித் தம்பி தனியாகக் கேட்டார், அதையும் போட்டுவிடுகிறேன். அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 13.99 நொடியில் அல்லது அதைவிட வேகமாக முடித்தால் ஹெல்மெட் கட்டாயம். பழைய வண்டிகளுக்கு 11.49-லேயே ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்ச் சட்டம்) வேண்டும். 2008 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான, பாடியும் ஏர்பேக் போன்ற பாதுகாப்புச் சாதனங்களும் மாறாத வண்டிகளுக்கு 10.00 நொடி, 135 மைல் வரை சலுகை கொடுத்தார்கள், இன்னும் புதிய மாடல்களுக்கு மேலும் தளர்த்தினார்கள். ஆனால் உங்கள் டிராக்கில் நிற்கும் டெக் இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் இறுதி. கோடுகள் இல்லாத ஸ்லிக் டயர் போட்டால், டிரைவ் ஷாஃப்ட் உடைந்தால் தாங்கிப் பிடிக்கும் லூப்பையும் கேட்பார்கள். வாரன்டி, எமிஷன் சமாச்சாரம் தனிக் கதை. கலிஃபோர்னியாவில் இருந்தால் கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியமான கார்ப் (CARB) தந்த ஈஓ எண், அதாவது அனுமதி எண் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இந்த வலது ஹாஃப் ஷாஃப்ட் கதைக்கு வருகிறேன். குதிப்புதான் நின்றுவிட்டதே, பிறகு ஏன் உடைந்தது? உடையவில்லை. ஜாயின்ட்டின் பூட் (ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியேறி, திருப்பும்போது கடக் கடக் என்றது. டிராக்குக்காகப் பின்பக்கத்தைத் தாழ்த்தியதில் ஷாஃப்ட் நிற்கும் கோணம் மாறியிருக்கிறது, பூட் அதைத் தாங்காமல் கிழிந்திருக்கிறது என்று மெக்கானிக் காட்டினார். நியாயமான விளக்கம். ஷாஃப்ட்டின் விலைதான் நியாயமாக இல்லை, ஒரு பக்கத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல்.

ஆகவே தம்பி, வேண்டாம். 10.7 நொடி சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், வண்டி அபாரம், இருந்தும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு மாலை கால் மைல் ஓட, மற்ற நாளெல்லாம் அந்த ரீங்காரத்தோடு வேலைக்குப் போக எனக்கு இன்று அலுப்பாக இருக்கிறது. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. கழற்றிய ரப்பர் புஷ்கள் கராஜில்தான் கிடக்கின்றன, திரும்பப் போட அரைநாள் வேலை, இதுவரை போடவில்லை.

கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சூப்பர்சார்ஜரை இந்த வருஷம் தொடாதீர்கள். 17 அங்குல வீலும் டிராக் ரேடியலும் சப்ஃப்ரேம் லாக்அவுட்டும் மட்டும் போட்டு, கம்பெனி கொடுத்த எஞ்சினோடு போய் ஓடுங்கள். டிஃபரன்ஷியல் புஷ் பின்னால் அலுமினியம், முன்னால் பாலியூரிதேன், இரண்டையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூலி இரண்டு தடவை கொடுக்க வேண்டிவரும். மழை வந்தால் அந்த டயரில் ஹைவே ஏற வேண்டாம், பழைய வீலைப் போட்டுக்கொண்டு போங்கள்.