யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துக் கலியாணத் தரகர்: அவசரக்காரருக்குச் சரிவராது

யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக் கடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் எத்தனையோ பேர் விமர்சனம் எழுதுகிறார்கள், கலியாணம் பேசித் தருகிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. சரிவந்தால் வீடியோ எடுத்துவிட்டு ஆளை மறந்துவிடுவோம், சரிவராவிட்டால் வாய்க்குள் திட்டுவோம், அவ்வளவுதான். தங்கச்சியின் குறிப்பை, அதாவது சாதகத்தை, இந்தத் தரகரிடம் கொடுத்துக் கனகாலம், இன்னும் ஒன்றும் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் ஐந்துக்கு நாலு போடுகிறேன்.

கந்தோர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, திருநெல்வேலிச் சந்தையிலிருந்து உள்ளுக்குப் போகும் ஒழுங்கையில் அவருடைய வீட்டு விறாந்தைதான். பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு இரும்பு அலுமாரி, மேசையில் இரண்டு கணிப்பு முறைப் பஞ்சாங்கமும், வாக்கியமும் இருக்கிறது, திருக்கணிதமும் இருக்கிறது; எந்தப் பகுதிக்காரர் வந்தாலும் சண்டை வராது. ஐயா ஓய்வுபெற்ற வாத்தியார். குறிப்புகளை நட்சத்திரவாரியாகக் கட்டி, மேலே நீலப் பேனையால் பேர் எழுதி அடுக்கியிருக்கிறார். வாட்ஸ்அப் வைத்திருக்கிறார், ஆனால் குறிப்பு பொருந்தி இரண்டு பகுதியும் ஓம் என்ற பிறகுதான் படம் அனுப்புவார். பெட்டைகளின் படங்கள் குழுக்குழுவாகச் சுற்றுவதைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

போய் இருந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை 98இல பிறந்தது எண்டுறீர், இதில எழுதியிருக்கிறது பழைய நேரமோ புது நேரமோ?"

இதை வேறு எந்தத் தரகரும் எங்களிடம் கேட்டதில்லை. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, அந்த ஒக்டோபரிலேயே அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது, மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. ஆகவே 98இல் பிறந்த பிள்ளைக்கு மணிக்கூடு காட்டிய நேரத்தில் அரை மணித்தியாலம் கழித்துத்தான் குறிப்புக் கணிக்க வேண்டும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரத்தோடேயே இருந்தவர்களுக்கு அது தேவையில்லை. குறிப்பில் வீடுகளை எண்ணத் தொடங்குகிற லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறும், ஓரத்தில் பிறந்திருந்தால் அந்த அரை மணித்தியாலத்திலேயே வீடுகள் எல்லாம் ஒன்று தள்ளிவிடும். ஐயா அம்மாவுக்கு ஃபோன் எடுக்கச் சொல்லி, அது ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த மணிக்கூட்டு நேரம் என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் பேனையைத் திறந்தார். கழித்தால், எட்டில் நின்று தோஷமாகிற செவ்வாய் தோஷமில்லாத ஒன்பதுக்குப் போய்விடுமோ என்று எனக்குள் ஒரு நப்பாசை. போகவில்லை.

இங்கேதான் எங்களுடைய பெரியம்மா உள்ளே வருகிறார். முந்திப் போன இடத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், "நேரத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதுவம், செவ்வாய் ஒன்பதுக்குப் போயிடும், கனடா மாப்பிள்ளை ஒண்டு கையில நிக்குது" என்று சொல்லியிருந்தார், அந்தக் கனடா பெரியம்மாவின் மண்டையை விட்டுப் போகவேயில்லை. அதையே ஐயாவிடமும் கேட்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னது: "அம்மா, பிள்ளை பிறந்த நேரம் ஆண்டவன் குடுத்தது. அதில கை வைச்சுப்போட்டு, நல்ல நேரம் தா எண்டு அவனிட்டையே போய்க் கேக்கேலாது."

எனக்கு அந்த இடத்தில்தான் ஆளைப் பிடித்தது. கடவுள் விட்ட வழி என்று சொல்கிற ஆட்கள் ஊரில் நிறைய, பெரும்பாலும் அது வேலை செய்யாமல் இருப்பதற்கு ஒரு சாட்டு. இவர் அப்படியில்லை. புதிதாக ஒரு குறிப்பு வந்தால் எங்களுடையதோடு வைத்துப் பார்ப்பார், பொருந்தாவிட்டாலும் ஃபோன் எடுத்து, இரண்டு குறிப்பிலும் கிரகங்களின் பாவக் கணக்கு கூடக்குறைய இருக்கிறது, ரச்சுப் பொருத்தம் தட்டுது என்று காரணம் சொல்வார். தன்னுடைய வேலையை முழுக்கச் செய்துவிட்டு, எப்போது நடக்கும் என்பதை மட்டும் மேலே விட்டுவிடுகிறார். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. லண்டனில் இருக்கிற சித்தப்பா, மாப்பிள்ளை ஆரென்றே தெரியாமல், தன்னுடைய லீவுக்குத் தோதாக ஒரு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டார். அந்தக் காசு திரும்பி வராது என்று தெரிந்ததும், வந்து நின்று தன்னுடைய மகனின் பிறந்தநாளை அங்கேயே வைத்தார், ஆட்டிறைச்சிப் புரியாணி, நல்ல சாப்பாடு. வீட்டில் பதற்றமில்லாத ஒரே ஆள் தங்கச்சிதான். "எனக்கெண்டு இருக்கிறது எனக்கு வரும், நீங்கள் முதல் சாப்பிடுங்கோ" என்கிறாள்.

குறையும் சொல்ல வேண்டும். பதிவுப் படிவத்தில் இன்னும் சாதிக்கு ஒரு கோடு விட்டிருக்கிறார். பெற்றோர் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்கிறார். நாங்கள் வெறுமையாக விட்டோம், ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்தார், ஆனாலும் அந்தக் கோடு அங்கே இருக்கத் தேவையில்லை, ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் குறைந்தது. காதும் கொஞ்சம் மந்தம், ஃபோனில் உரத்துக் கதைக்க வேணும்.

பதிவுக்கு 3000 ரூபா, மிச்சம் கலியாணம் சரிவந்தால்தான், அதுவும் இரண்டு பகுதியும் பாதிப்பாதி. சீதனம், மாப்பிள்ளை பகுதிக்குக் கொடுக்கிற டொனேஷன் காசு என்ற கதைகளில் தலைபோட மாட்டார், அதை நீங்களே பேசிக்கொள்ள வேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு போகாதீர்கள், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஐந்து மணிப் பூசைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டுவிடுவார், அங்கே ஒரு நிமிடமும் பிந்தாது என்பது ஊருக்கே தெரியும். அங்கே திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த 25 நாளும் குறிப்புக் கட்டைத் தொடவே மாட்டார்.

பெரியம்மா போன கிழமை வேறு ஒருவரிடமும் குறிப்பைக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. எந்த நேரத்தை எழுதிக் கொடுத்தாரோ தெரியாது.