ஜெர்மனி மென்சா சாப்பாடு: சோற்றை விடுங்கள், உருளைக்கிழங்கைப் பிடியுங்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் பெட்டியில் குக்கரும் பருப்பும் எடுத்துப்போவதில் தப்பே இல்லை. ஆனால் தினமும் விடியற்காலையில் எழுந்து சமைத்து மதியத்துக்கு டப்பா கட்டுவது என்று முடிவு செய்யுமுன் மென்சாவில் இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பாருங்கள். மென்சா என்பது பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் உணவுக்கூடம். அதை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, மாணவர் விடுதிகளையும் பார்த்துக்கொள்ளும் ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. நீங்கள் கட்டும் செமஸ்டர் பணத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே அங்கேதான் போகிறது. மாணவர் விலையில் ஒரு வேளைச் சாப்பாடு பெரும்பாலும் 3 முதல் 5 யூரோவுக்குள் முடியும். பெர்லினில் இன்று அந்தக் காசுக்கு வெளியே ஒரு டோனர் (ரொட்டிக்குள் இறைச்சி வைத்தது) வாங்குவதே கஷ்டம்.

நம் ஆட்கள் செய்யும் முதல் தப்பு, அரிசி இருக்கும் தட்டைத் தேடிப் போவது. மென்சாவில் பெரும்பாலும் புழுங்கலான நீள அரிசி. பெரிய நீராவி அடுப்பில் மொத்தமாக வேகவைத்து, சூட்டுத் தொட்டியில் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் போனால் மேல்பருக்கை காய்ந்து விறைத்துவிடும். அதன்மேல் ஊற்றும் 'கறி' தேங்காய்ப்பாலும் மஞ்சள் நிறமுமாக இருக்கும். உப்பு மட்டு, காரம் கிடையாது. இதைச் சாப்பிட்டுவிட்டு மென்சாவே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. அந்தச் சமையலறையின் கைப்பக்குவம் உருளைக்கிழங்கிலும் பயறு வகைகளிலும் இருக்கிறது.

பட்டியலில் 'பெல்கார்டோஃபெல்ன் மிட் க்வார்க் உண்ட் லைன்ஓல்' என்று கண்டால் யோசிக்காமல் எடுங்கள். பெர்லின், பிராண்டன்பர்க் பக்கத்துச் சாப்பாடு. தோலோடு வேகவைத்த நாலைந்து உருளைக்கிழங்கு, பக்கத்தில் க்வார்க், மேலே ஆளிவிதை எண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம். க்வார்க் என்பது துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித்தயிர் போல இருக்கும், புளிப்பு குறைவு. கிழங்கு சூடாக இருக்கும்போதே தோலை உரித்துவிட வேண்டும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். முள்கரண்டியால் லேசாகப் பிளந்து, விரிசலில் எண்ணெய் இறங்கிய பிறகு க்வார்க்கோடு சேர்த்து எடுங்கள். நல்ல ஆளிவிதை எண்ணெயில் பச்சைக் கொட்டை வாசம் வரும். நாக்கில் கடும் கசப்பு அடித்தால் எண்ணெய் பழசு. காற்றும் வெளிச்சமும் பட்டால் வெகு சீக்கிரம் கெடும் எண்ணெய் அது. அந்த எண்ணெயோடு இட்லிப் பொடி அபாரமாகச் சேரும். பையில் ஒரு சின்ன டப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லின்சன்ஐன்டோஃப், அதாவது பயறு, கேரட், செலரிக் கிழங்கு போட்ட கெட்டிச் சாறு. வாயில் வைத்தால் ஏதோ குறைகிறது என்று தோன்றும். குறைவது புளிப்பு. மேசையிலோ சாஸ் அடுக்கிலோ இருக்கும் வினிகரை ஒரு தேக்கரண்டி விடுங்கள். ஜெர்மானியர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள், பல ஊர்களில் இதில் பன்றிக்கொழுப்பு அல்லது சாசேஜ் துண்டு இருக்கும். மில்ஷ்ரைஸ் என்பது பால் சோறு, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். இனிப்புதான் அன்றைய முழுச் சாப்பாடு என்பது நமக்குப் புதிது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெர்லின்தான் வசதி. 2021-ல் அங்குள்ள மென்சாக்கள் அறிவித்த புதுப் பட்டியலில் 68 சதவீதம் வீகன் (பாலும் முட்டையும்கூட இல்லாதது), 28 சதவீதம் சைவம், மீனும் இறைச்சியும் தலா 2 சதவீதம்தான். மற்ற ஊர்களில் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை அறிவிப்பது ஐரோப்பியச் சட்டப்படி கட்டாயம். கூடவே பன்றி, மாடு, மது ஆகியவற்றுக்கு எழுத்தோ படமோ போடுவார்கள். குறியீடு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் சுவரில் இருக்கும் அட்டவணையை முதல் நாளே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். தெற்கே கிடைக்கும் லேபர்கேஸ என்ற பெயரில் 'கேஸ' என்றால் சீஸ். தட்டில் வருவதோ அரைத்த இறைச்சிக் கட்டி. சிவப்பு முட்டைக்கோஸ் பொரியல் மாதிரிதான் தெரியும், சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். பழ ஜெல்லியில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சந்தேகம் வந்தால் 'இஸ்ட் டா ஃப்ளைஷ் த்ரின்?' என்று கேளுங்கள், இதில் இறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். குழம்பு வேண்டாம் என்றால் 'ஓனெ ஸோஸெ, பிட்டெ'.

சாலட் பகுதியில் பல இடங்களில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று எடை போட்டு விலை. ராஜ்மா, பீட்ரூட், உருளைக்கிழங்கு சாலட் மூன்றையும் குவித்தால் கிண்ணம் முக்கியச் சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும். இலைக் கீரையும் முளைகட்டியதும் எடுத்தால் மலிவு.

நேரம் முக்கியம். வகுப்புகள் பெரும்பாலும் மணிக்குப் பதினைந்து நிமிடம் தாண்டித்தான் தொடங்கும்: 10:15 வகுப்பு 11:45-க்கு முடியும், அடுத்தது 12:15-க்கு. இடைப்பட்ட அரைமணியில் வரிசை வாசல்வரை நிற்கும். வகுப்பு இல்லையென்றால் 11:40-க்குள் அல்லது 12:25-க்குப் பிறகு போங்கள். பொரித்தது, ரொட்டித்தூள் தடவியது எல்லாம் சீக்கிரம் போனால்தான் மொறுமொறுப்பு, மூடிக்குள் இருக்க இருக்க நமத்துவிடும். ஐன்டோஃப் மட்டும் நேரமாக ஆக ருசி கூடும்.

பணம் பெரும்பாலும் மென்சா அட்டையில்தான். வாசலருகே இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பல ஊர்களில் அட்டையின் மாணவர் தகுதியை ஒவ்வொரு செமஸ்டரும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் கல்லாவில் விருந்தினர் விலை விழும், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. புது செமஸ்டரின் முதல் நாள் ரசீதில் விலைப் பிரிவைப் பார்த்துவிடுங்கள்.

சனி, ஞாயிறு பெரும்பாலான மென்சாக்கள் மூடியிருக்கும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுகளும் பெரும்பாலும் திறக்காது. சனிக்கிழமை இருட்டுமுன் ஒரு கிலோ கிழங்கும் 500 கிராம் க்வார்க்கும் வாங்கி வைத்துவிட்டால் மென்சாத் தட்டை அறையிலேயே அரைமணியில் செய்துகொள்ளலாம். கிழங்குப் பையில் 'ஃபெஸ்ட்கொஹெண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'மேலிஷ்' என்று இருப்பது வெந்ததும் உதிரும், அது மசியலுக்கு.