கம்பஸ் போகப் புது லப்டொப்பா, பழசே போதுமா?

தம்பிக்குக் கம்பஸ் கிடைத்ததும் வீட்டில் முதல் சண்டையே லப்டொப்பில்தான். அக்கா பாவித்த 2017 மொடல் ஒன்று கிடக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், சுழலுகிற ஹார்ட் டிஸ்க். ஓன் பண்ணிவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மா புதுசு என்கிறார், அக்கா இதையே திருத்தலாம் என்கிறார், பாரிஸ் மாமா தன்னுடையதை அனுப்புகிறாராம்.

என் வாக்கு அக்காவுக்கு. அந்த மந்தத்துக்கு முக்கிய காரணம் ஹார்ட் டிஸ்க்; சின்னச் சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் ஊசி இடம் மாறி மாறி ஓட வேண்டும், அதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகம்) அந்த ஓட்டமே இல்லை. அதோடு ராமை 8 ஜிபி ஆக்கினால் நோட்ஸ், பிடிஎஃப், சூம் வகுப்புக்கு இரண்டு வருடம் தாராளமாக ஓடும் (சில மெல்லிய மொடல்களில் ராம் போர்ட்டோடு ஒட்டியிருக்கும், கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்). ஒரு குறை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட வேண்டிவரும், தம்பி அதற்கு முகத்தைச் சுளிக்கிறான்.

புதுசு வாங்குவதென்றால் இப்போது வேண்டாம். அனுமதி கிடைத்து வகுப்புத் தொடங்கவே மாதக்கணக்காகும், அதுவரை அலுமாரிக்குள் இருக்கிற லப்டொப்புக்கும் வாரண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைவிட, என்ன மென்பொருள் தேவை என்று இன்னும் தெரியாது. கலைப்பீடம் என்றால் சாதாரணமானதே போதும். தம்பி போவது கிளிநொச்சிக்கு, பொறியியல் பீடத்துக்கு. நாளைக்கு சொலிட்வேர்க்ஸ் (இயந்திரப் பாகங்களை வடிவமைக்கும் மென்பொருள்) தேவைப்பட்டால் அது விண்டோஸில்தான் ஓடும், இப்போதே ஆசைப்பட்டு மக்புக் வாங்கி வைத்தால் அப்போது தலையில் கைதான்.

மாமாவுடையது? நல்ல மெஷின், சந்தேகமில்லை. ஆனால் பிரெஞ்சுக் கீபோர்ட்: கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, டபிள்யூ இடத்தில் இசட், எண் அடிக்கவே ஷிப்ட் அமத்த வேண்டும். செட்டிங்கில் மாற்றலாம், ஆனால் கட்டையில் அச்சடித்த எழுத்து மாறாதே! பழுதானால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்பது வேறு கதை.

கடைசியில் எஸ்எஸ்டியும் ராமும் போட்டாயிற்று. மாமாவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வோய்ஸ் போட்டோம்: லப்டொப் வேண்டாம் மாமா, இரண்டாம் வருடம் காசாகவே அனுப்புங்கோ.